மாமாவின் வெளிநாட்டுச் செடி

எங்கள் மாமாவுக்கு இயற்கையை ரசிக்கத் தெரியும். அதை அவரே சொல்வார். காலையில் பல் துலக்கும் முன் ஒரு தடவை, இரவில் படுக்கும் முன் ஒரு தடவை. நடுவில் யாராவது தெரியாத்தனமாக வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டால் அவர்களுக்கும் ஒரு தடவை. அக்காவைக் கட்டியவர் என்பதால் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாராவது என்றால் என்றைக்கோ கதவைச் சாத்தியிருப்பேன்.

ஆனால் சாத்துவதற்குக் கதவு என்னுடையது இல்லையே. கணவனோடு ஒத்துப்போகாமல் ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற என்னை, அக்கா தன் வீட்டு மொட்டைமாடி அறையில் குடிவைத்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. வெறும் வயிற்றோடு வந்து, ஏதோ நான்தான் அவர்களைப் பட்டினி போட்டதுபோல முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி முடித்து, மதியத்துக்கு மேல் அறைக்குத் திரும்பிவிடுவேன். ஒரு கட்டில், ஒரு அலமாரி, பின்பக்கம் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். இதை விட்டால் என் சம்பளத்துக்கு ஆறு பேர் ஓர் அறையில் படுக்கும் விடுதிதான் கிடைக்கும். அதிலும் இருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் உளறுவதுகூட மனப்பாடம் ஆகிவிடும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு காலி மனை. அது யாருக்குச் சொந்தம் என்று இரண்டு குடும்பங்கள் வழக்காடிக்கொண்டிருந்தன. வழக்கு முடிகிற வரை அது செடிகளுக்குச் சொந்தம். குப்பைமேனி, நாயுருவி, எருக்கு, துத்தி என்று நடுவதற்கு ஆள் இல்லாமலே முளைத்த கூட்டம். மழைக்காலத்தில் நடுவே ஒரு குட்டை தேங்கும். எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து அதில் ஒற்றைக் காலில் நிற்கும். பனிக்காலத்தில் வண்ணத்துப்பூச்சிகள் வரும். கோடையில் மண் வெடித்துவிடும். அப்போது ஒரு கீரி தன் குட்டிகளோடு உடைந்த குழாய்க்குள் போய் வந்துகொண்டிருக்கும். நான் இயற்கை ரசிகை ஒன்றும் இல்லை. தலை காய வேண்டும், ஜன்னல் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு யார் மேலும் கோபம் இருக்காது. அது எனக்கு அபூர்வம்.

மாமாவுக்கு அந்த மனை கண்ணில் விழுந்த தூசி. தரைக்கல்லும் குளியலறைச் சாமான்களும் விற்கும் பெரிய கடையில் அவர் மேலாளர். வழவழப்பாக இல்லாத எதையும் அவரால் சகித்துக்கொள்ள முடியாது. மாடியில் தோட்டம் போடத் தொடங்கிய அன்றே, என் அறை போக மீதி இருந்த பின்பக்கக் கைப்பிடிச் சுவர் நெடுக ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைத் துணியைக் கட்டினார்.

"அந்தக் கண்றாவியைப் பார்த்துக்கிட்டு எப்படி இயற்கையை ரசிக்கிறது?" என்றார்.

இது அவர் சொன்னது, சொன்னபடியே. நான் ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை.

அவருடைய தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூத்த நிலையில் வாங்கி வருவார். அடுத்த மாதம் காய்ந்த நிலையில் தூக்கிப் போடுவார். பிறகு மறுபடியும் பூத்த நிலையில் வாங்கி வருவார். கடையில் ஓரம் உடைந்த கைகழுவும் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பறவைகள் குளிக்கட்டும் என்று தண்ணீர் ஊற்றி வைத்தார். முதல் நாளே ஒரு காக்காய் வந்து ஆனந்தமாக முங்கியது. மாமா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

"சூ! காக்காய்க்கா வெச்சேன்? பறவைங்களுக்கு வெச்சிருக்கேன்!"

இப்படிப்பட்டவரைத் தலைவராக வைத்து 'பசுமை நெஞ்சங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இருநூறு நெஞ்சங்கள். விடிந்தால் ஒருவர் ரோஜாப் படம் போடுவார், மற்றவர்கள் கை கூப்புவார்கள். அக்காவும் அதில் இருந்தாள். மாமா எது போட்டாலும் முதல் கைகூப்பு அவளுடையதுதான். படித்தவள், ஒரு காலத்தில் என்னைவிட வாயாடி. கல்யாணத்துக்குப் பிறகு தலையாட்டி பொம்மை ஆகிவிட்டாள். சின்ன வயதில் இவளுடைய பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு பெருமையாகத் திரிந்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

கோடை முடிகிற சமயத்தில்தான் அந்த விதைப் பொட்டலம் வந்தது. குழுவில் ஒருவரின் மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அட்டையில் பெரிய இதய வடிவ இலை, நடுவில் மஞ்சள் பூ. வாயில் நுழையாத பேர். மாமா அதைச் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

"இதை மாடியில தொட்டியில போடப் போறேன். ஆனா ஒண்ணு. இது குளிர் நாட்டுச் சரக்கு. நம்ம வெயிலுக்கு முளைக்கலைன்னா, கண்ணாடிக் கூரை போட்ட இடம் வேணும். மாடி ரூமைத்தான் எடுக்கணும்."

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் சோறு இருந்தது. குருவிக்கூட்டைக் கலைக்கிறவன்கூடக் கொஞ்சம் தயங்குவான். இவர் குழம்பு ஊற்றிக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். கூடப் பிறந்தவள் என்ன சொல்கிறாள் பார்க்கலாம் என்று பார்த்தேன்.

"எத்தனை நாள்ல முளைக்கணும்?" என்று கேட்டாள் அக்கா.

"ரெண்டு மூணு வாரம்."

"ஓகோ," என்று பொட்டலத்தை எடுத்துப் படத்தை உற்றுப் பார்த்தாள். தங்கை தெருவுக்குப் போகப் போகிறாள், இவளுக்கு விதை முளைக்கிற கணக்கு. நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

விதை முளைக்கவில்லை. மாமா தினமும் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, குனிந்து மண்ணைப் பார்ப்பார், நிமிர்ந்து என் அறையைப் பார்ப்பார். ஒரு நாள் என் வாசலிலிருந்து சுவர் வரை அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். நான் கதவைத் திறந்ததும், நடைப்பயிற்சி செய்கிறவர்போலக் கையை வீசினார். அன்று இரவு விடுதிக்காரிக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறதாம், கழிப்பறைக்குப் பக்கத்துக் கட்டில்.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், நான் வேலையிலிருந்து வந்தபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து புடவைக் கரையில் ஒட்டியிருந்த முள் விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. துணி காயப் போட்டேன், கீழ விழுந்துடுச்சு."

மறுநாள் காலையில் மாமா போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. முளைத்துவிட்டதாம். ஓடிப் போய்ப் பார்த்தேன். தொட்டி நடுவில் ஒரே ஒரு செடி, நாலு இலையோடு நின்றது. நேற்றுவரை வெறும் மண். ஒரே இராத்திரியில் நாலு இலை எப்படி என்று ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்கும். மாமா கேட்கவில்லை.

"வெளிநாட்டு விதைன்னா அந்த வேகம் இருக்கும்," என்றார்.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வெல்வெட் மாதிரி இலை, ஓரத்தில் பல். துத்தி. தினமும் ஜன்னல் வழியாக நூற்றுக்கணக்கில் பார்க்கிறேனே. காற்றிலோ காக்காய் வழியாகவோ விதை விழுந்திருக்கும், இவர் கண்ணுக்கு முதலில் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவுக்கும் அந்த நூறு செடிகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பச்சைத் துணிதான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதை கற்பூரத்தை மறைத்துத் திரை கட்டிவிட்டு, வேறு கற்பூரத்துக்கு வெளிநாட்டில் ஆள் சொல்லி வைத்திருந்தது.

கீழே போய் அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அது துத்திக்கா! சும்மா முளைக்கிற செடி!"

அக்கா சிரிக்கவில்லை. "உனக்கு ரூம் இருக்கில்ல? பேசாம இரு."

அறை இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காகப் பேசாமல் இருந்தேன். ஆனால் பேசாமல் இருப்பது எனக்கு உடம்புக்கு ஆகாது.

மழைக்காலம் முழுக்க மாமா அந்தச் செடிக்குக் குடை பிடித்தார். நிஜமாகவே பிடித்தார்; கம்பி நட்டு அதில் குடையைக் கட்டி வைத்தார். துணிக்கு அந்தப் பக்கம் அதன் பங்காளிகள் எல்லாம் கொட்டும் மழையில் நனைந்து இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டன. இங்கே இது முட்டி உயரத்தில் சவலைப்பிள்ளையாக நின்றது. உரம், கரைசல், மெல்லிசைப் பாட்டு எல்லாம் கொடுத்தார். பாட்டு வைத்தால் செடி வளரும் என்று ஒரு பசுமை நெஞ்சம் சொல்லியிருந்தது. மற்ற தொட்டிகளில் துத்தி முளைத்தால் "சனியன், களை" என்று பிடுங்கி எறிந்தார். பிடுங்கிய கையாலேயே இதன் இலையைத் துடைத்துவிட்டார். ஒரே செடிதான், ஆனால் தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

பனி இறங்கியபோது பூத்தது. சாயங்காலத்தில் மட்டும் விரியும் சின்ன மஞ்சள் பூ. மாமா அதை எட்டுக் கோணத்தில் படம் எடுத்துக் குழுவில் போட்டார். இருநூறு நெஞ்சங்களும் கை கூப்பின. ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர், 'இது துத்தி மாதிரி தெரியுதே ஐயா?' என்று கேட்டுவிட்டார். மாமா, 'படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும்' என்று பதில் போட்டார். அந்த மனிதர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற ஆளைப் பார்த்தால் எனக்கு மாமாவைவிட எரிச்சலாக வரும்.

பிறகு காய் பிடித்தது, சக்கரம் மாதிரி. காய்க்குச் சிவப்புப் பூச்சிகள் வந்தன. அவை இணையும்போது பின்பக்கம் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு திரியும். மாமா மூச்சிரைக்கக் கீழே ஓடி வந்தார்.

"ரெண்டு தலைப் பூச்சிடி! அந்தச் செடியைத் தேடி எங்கிருந்தோ வந்திருக்கு!"

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்படியா? பத்திரமா பார்த்துக்குங்க," என்றாள். நான் மாடிக்கு ஓடிப் போய்த் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷமான மனிதருக்கு அது என்னவென்று தெரியவில்லை.

வெயில் மெல்ல ஏறத் தொடங்கியபோது மாமாவின் முதலாளி செடியைப் பார்க்க வந்தார். பெரிய உடம்பு, நல்ல மனிதர். காரிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட ஒரு மெத்தையைக் கையோடு கொண்டுவந்து அதன்மேல்தான் உட்கார்ந்தார். மாமா அவரை மாடிக்கு அழைத்துப் போனார். பின்னால் தட்டோடு அக்கா. அன்று வேலையிலிருந்து தாமதமாகத் திரும்பிய நான், அவர் உட்கார்ந்திருந்ததைக் கீழே பார்த்துவிட்டு மேலே வந்து, என் அறை வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இது என் மச்சினிங்க," என்றார் மாமா. "புருஷன்கூட வாழல. பாவம், நான்தான் இடம் கொடுத்து வெச்சிருக்கேன். செடியோ மனுஷங்களோ, நாம பார்த்துப் பராமரிச்சாதான் நிக்கும். இல்லைன்னா களையாப் போயிடும்."

என் காது சூடாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் அப்படி ஆட்டியதே எனக்கு இன்னும் ஏற்றியது.

முதலாளி இலையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"வாய்ப்பே இல்லைங்க. இந்த ஊர்லயே நம்மகிட்ட மட்டும்தான்."

"அப்படியா? சரி, சரி. நல்லா வெச்சிருக்கீங்க," என்று அவர் கிளம்பத் திரும்பிவிட்டார். அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் இன்றைக்கு இவர் மானம் போனால் தோட்டப் பைத்தியமும் கூடவே போகும், கண்ணாடிக் கூரைப் பேச்சு இனி எழாது, அறை எனக்கே நிலைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு பிறகு வந்ததுதான். முதலில் வந்தது ஆத்திரம்.

"நீங்க எங்க பார்த்தீங்கன்னு நான் காட்டறேன், வாங்க சார்," என்றேன்.

"ஏய், சும்மா இரு," என்றாள் அக்கா. அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன். எல்லாரும் என் அறைக்குள் வந்தார்கள். ஜன்னலை அகலமாகத் திறந்தேன். சரியான சாயங்காலம். மனை முழுக்க, குட்டை இருந்த பள்ளத்தைச் சுற்றி, கீரியின் குழாய்க்கு மேலே, எங்கள் சுவரின் அடிவரைக்கும், மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. ஒவ்வொன்றும் மாமாவின் செடியைவிட இரண்டு மடங்கு உயரம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "அட! துத்தி!" என்று கையைத் தட்டினார். "தினம் நைட்டு வீட்டுல இதைத்தானே வதக்கி எனக்குக்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருடைய மூலத்துக்குக் கட்டுகிற இலைக்கு ஒரு மனிதர் ஆறு மாதமாகக் குடை பிடித்துப் பாட்டுப் போட்டிருக்கிறார் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மாமா அறையின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவமானத்தில் கண் அலைபாய்கிறது என்று நான் நினைத்தேன். முதலாளி போகும்போது ஒரு பை நிறைய இலை பறித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த விடுமுறை நாளில் மாடியில் பேச்சுக்குரல் கேட்டுக் கதவைத் திறந்தேன். மாமாவும் ஒரு வெல்டிங்காரரும் நின்றிருந்தார்கள். தொட்டி காலியாக இருந்தது. துத்தி வேரோடு குப்பைக் கூடையில் கிடந்தது, பூச்சிகளோடு.

"வாம்மா," என்றார் மாமா. முகத்தில் அவமானத்தின் சுவடே இல்லை. "நீ ஒரு நல்ல காரியம் பண்ணின. அது துத்தின்னா என்ன அர்த்தம்? நம்ம விதை முளைக்கவே இல்லைன்னு அர்த்தம். ஏன் முளைக்கல? வெயில்! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

வெல்டிங்காரர் என் வாசலில் அளவு நாடாவைப் பிரித்தார்.

"அன்னிக்கு உன் ரூமுக்குள்ள வந்தப்பதான் கவனிச்சேன். என்ன அருமையான இடம்! முதலாளிகிட்ட சொன்னேன். குளியல் ரூமுக்கு வெக்கிற கண்ணாடி, பழைய ஸ்டாக், எல்லாத்தையும் எடுத்துக்கோன்னுட்டாரு. இன்னும் பாதிப் பொட்டலம் விதை இருக்கு. நீ மெதுவா, இந்த மாசக் கடைசிக்குள்ள பார்த்துக்கோ."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆட்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். விழுந்த இடத்தில் வீடு கட்டுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். ஒரு முட்டாளை முட்டாள் என்று நிரூபித்துவிட்டால் அவன் நிறுத்திவிடுவான் என்று நம்பியிருந்தேனே, அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இல்லை.

கீழே போனேன். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா அக்கா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? வாயில என்ன வெச்சிருக்க?"

அக்கா குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த விதை மண்ணுலயே மக்கிப் போச்சுடி. அவரு தினம் உன் வாசலை அளந்துட்டு இருந்தாரு. நான் அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டுப் பின்பக்கம் போனேன். இந்த வயசுல சுவர் ஏறிக் குதிச்சேன். சேறு முழங்கால் வரைக்கும். படத்துல இருந்த இலை மாதிரி எது இருக்குன்னு ஒவ்வொண்ணா வெச்சுப் பார்த்து, அதைப் பெயர்த்துட்டு வந்து நட்டேன். புடவை பூரா நாயுருவி ஒட்டிக்கிச்சு. அதைப் பிய்ச்சு எடுக்கவே பாதி நாள் ஆச்சு."

நான் அவள் புடவைக் கரையைப் பார்த்தேன்.

"தினம் காலையில அவருக்கு முன்னாடி எழுந்து அதுக்குப் பூச்சி பார்த்து, தண்ணி பார்த்து, பட்டுப் போனா மாத்தறதுக்கு இன்னொண்ணு கொல்லையில ஒளிச்சு வெச்சிருந்தேன். குழுவுல அந்தத் தபால்காரர் துத்தின்னு சொன்னாரே, அவருக்குத் தனியாப் போன் பண்ணிக் கெஞ்சினேன். அந்தப் புண்ணியவான் மன்னிப்பே கேட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப," என்றாள் அக்கா. "உனக்குச் சிரிப்பு வந்தா அடக்கத் தெரியாது. சின்ன வயசுல இருந்தே தெரியாது." மறுபடி குழாயைத் திறந்தாள். "தவளை தன் வாயாலதான் கெடும். எத்தனை தடவை தலையை ஆட்டினேன் உனக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் பாத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "கீழ யாரு? யாராவது வந்து இதைக் கொஞ்சம் பிடிங்க!"

நான்தான் போனேன். அறைக்குள், என் கட்டில்மேல் செருப்புக் காலோடு ஏறி நின்று, மாமா பின்பக்க ஜன்னலுக்குக் குறுக்கே ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து அவிழ்த்த பச்சைத் துணி அவர் தோளில் கிடந்தது.

"வெளிச்சம் மேல கண்ணாடி வழியா வந்துடும். இந்தப் பக்கம் மட்டும் அந்தக் கண்றாவி தெரியாம மறைச்சுட்டா போதும். அந்த முனையைப் பிடி. நல்லா இழுத்துப் பிடி, சுருக்கம் இல்லாம."

வெளியே கீரி தன் குட்டிகளைக் குழாயிலிருந்து வெளியே கூட்டி வந்திருந்தது. நான் முனையைப் பிடித்துக்கொண்டேன்.